ஃப்ரீ ஏஜென்ட் வைடு ரிசீவரை எடைபோடுவது எப்படி? மார்ச் சந்தைக்கு முன் செய்து முடிக்க வேண்டிய 10 படிகள்

2024 மார்ச்சில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் சந்தையில் இரண்டு வைடு ரிசீவர்கள் (எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவர்கள்) ஒரே விலைக்குப் போனார்கள். இருவரும் ஃப்ரீ ஏஜென்ட்கள், அதாவது பழைய ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரக்கூடியவர்கள். டார்னெல் மூனியை அட்லாண்டா ஃபால்கன்ஸும், கேப்ரியல் டேவிஸை ஜாக்சன்வில் ஜாகுவார்ஸும் ஆளுக்கு 3 ஆண்டு, 3.9 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எடுத்தன. முந்தைய சீசனின் எண்களை மட்டும் பார்த்தால் டேவிஸ்தான் மேல்: 45 கேட்ச், 746 யார்டு, 7 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி எடுப்பது). மூனி எடுத்தது 31 கேட்ச், 414 யார்டு, 1 டச்டவுன்.

அடுத்த சீசனில் மூனி 64 கேட்சில் 992 யார்டு சேர்த்தார். டேவிஸ் 10 ஆட்டங்களில் 20 கேட்ச், 239 யார்டோடு காயத்தில் நின்றுபோனார். 2025 மே மாதம் ஜாகுவார்ஸ் அவரை விடுவித்தது.

போன சீசனின் யார்டுகள் அந்தப் பழைய அணியோடு முடிந்துவிட்டன. பணம் கொடுத்து வாங்குவது, பந்தை எறியும் உங்கள் குவார்ட்டர்பேக்குக்காக அவர் இனி ஓடப்போகும் ரூட்டுகளை, அதாவது பந்தைப் பிடிக்க வகுத்த ஓட்டப் பாதைகளை. கீழே உள்ள வரிசை அதை அடிப்படையாகக் கொண்டது. வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெயர்ப்பட்டியலில் தொடங்குகிறார்கள். பெயர் மனதில் பதிந்துவிட்டால், அதன் பிறகு பார்க்கும் ஒவ்வொரு எண்ணும் அந்தப் பெயருக்குச் சாதகமாகவே தெரியும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆட்டவாரிப் பதிவு, களத்தில் இருந்த ஸ்னாப் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவது) எண்ணிக்கை, நழுவவிட்ட பந்துகள் ஆகியவற்றுக்கு புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ். தடுப்பாளரிடமிருந்து எவ்வளவு விலகி நின்றார் என்பதற்கு நெக்ஸ்ட் ஜென் ஸ்டாட்ஸ். ஒப்பந்த விவரங்களுக்கு ஓவர் தி கேப் அல்லது ஸ்போட்ராக். இவற்றின் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கும்.

இவற்றோடு ஆல்-22 வீடியோவும் வேண்டும். களத்தில் உள்ள 22 பேரும் எப்போதும் சட்டகத்துக்குள் இருக்கும் பயிற்சியாளர் காட்சி இது. அமெரிக்காவில் என்எஃப்எல் பிளஸ் பிரீமியம் சந்தாவில் கிடைக்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்பை வைத்து ரிசீவரை எடைபோட முடியாது. பந்து கை மாறிய மறுகணமே கேமரா குவார்ட்டர்பேக்கிடம் போய்விடும். ரிசீவரின் உழைப்பில் முக்கால் பங்கு சட்டகத்துக்கு வெளியே நடக்கும்.

வேலையைப் பிப்ரவரி இறுதிக்குள் முடித்துவிடுங்கள். புதிய லீக் ஆண்டு மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமை மாலை 4 மணிக்கு, நியூயார்க் நேரப்படி, தொடங்கும். அதற்கு முந்தைய திங்கள் நண்பகலிலேயே முகவர்களோடு பேசும் சாளரம் திறந்துவிடும். முதல் நிலை ரிசீவர்கள் அந்தத் திங்கள் இரவுக்குள் விலைபோவது வழக்கம். அப்போது உட்கார்ந்து வீடியோ பார்க்க நேரம் இருக்காது.

1. காலியிடத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"நமக்கு ஒரு ரிசீவர் வேண்டும்" என்பது காலியிடமே அல்ல. ரிசீவர் வேலை மூன்று வகை, மூன்றுக்கும் தேவையான திறன் வேறு.

எக்ஸ் ரிசீவர், ஒவ்வொரு பிளேயும் தொடங்கும் ஸ்க்ரிமேஜ் கோட்டின் மேல் நிற்பவர். தாக்கும் அணியில் 7 பேர் கோட்டில் இருந்தாக வேண்டும் என்ற விதியால் அவர் பின்னால் தள்ளி நிற்க முடியாது. ரிசீவரைக் காக்கும் எதிரணித் தடுப்பாளரான கார்னர்பேக் முகத்துக்கு முகம் நின்று கையால் தள்ளித் தடுப்பார். அந்தப் பிரஸ்ஸை உடைத்துக் கிளம்பும் கால்வேகமும் கைவேலையும் இல்லாதவரை எக்ஸாகப் போட்டால் ரூட் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

இஸட் ரிசீவர் கோட்டுக்கு ஒரு யார்டு பின்னால் நிற்பவர். பந்து கிளம்பும் முன் மோஷனில் நகரலாம் என்பதால் அவரைப் பிரஸ் செய்வது கடினம். ஸ்லாட் ரிசீவர் உள்ளே நிற்பவர். இடம், வலம் இரண்டு பக்கமும் திரும்ப வழி உண்டு. ஆனால் லைன்பேக்கர், சேஃப்டி என்ற நடுக்களத் தடுப்பாளர்கள் நடமாடும் நெரிசலில் பந்தைப் பிடிக்க வேண்டும், பந்தோடு ஓடும் ரன் பிளேயில் அவர்களைத் தடுக்கவும் வேண்டும்.

வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "3வது டவுனில் மேன் கவரேஜுக்கு எதிராக 8 யார்டுக்குள் திறந்து நிற்கும் ஸ்லாட்; ஆட்டத்துக்கு 6, 7 டார்கெட்." (டவுன் என்பது 10 யார்டு முன்னேறக் கிடைக்கும் 4 முயற்சிகளில் ஒன்று. மேன் கவரேஜ், ஒரு ரிசீவருக்கு ஒரு தடுப்பாளர் என்ற முறை. திறந்து நிற்பது, தடுப்பாளரிடமிருந்து விலகி நிற்பது. டார்கெட், அவரை நோக்கி எறியப்படும் பந்து.) இந்த அளவுக்குக் குறுகலாக எழுதினால் பட்டியலில் பாதிப்பேர் தாமாகவே விலகுவார்கள்.

இந்த வாக்கியம் எங்கிருந்து வரும்? உங்கள் அணியின் போன சீசனில் 3வது டவுனிலும் எதிரணியின் 20 யார்டுக்குள்ளும் தோற்ற பாஸ் பிளேக்களை வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதுங்கள்: யாரும் திறந்து நிற்கவில்லை, திறந்து நின்றும் பந்து பிசகியது, பந்து வரும் முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டார். மூன்றாவது காரணமே அதிகம் என்றால் உங்களுக்குத் தேவை, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன். எந்த ரிசீவரும் அந்தக் குறையைத் தீர்க்க மாட்டார். இந்தக் கேள்வியைக் கேட்காமல் ரிசீவருக்குப் பணம் கொட்டிய அணிகள் பல.

4வது, 5வது ரிசீவரைத் தேடுகிறீர்களா? அளவுகோலே மாறும். ஆட்ட நாளில் களமிறங்கத் தகுதி பெறுவது 47 அல்லது 48 பேர்தான். அதில் 5வது ரிசீவருக்கு இடம் வேண்டுமானால் பந்தை உதைக்கும் பன்ட், கிக்ஆஃப் பிரிவுகளில் அவர் ஆட வேண்டும். அதைச் செய்யாத 31 வயது முன்னாள் நட்சத்திரம் அந்த இடத்துக்குப் பொருந்த மாட்டார்.

2. பணத்தின் எல்லையைப் பெயருக்கு முன் முடிவு செய்யுங்கள்

2025இல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர். இணையத்தில் காட்டும் "மீதி இடம்" முழுவதும் செலவழிக்கக்கூடிய பணம் அல்ல.

சீசன் இல்லாத மாதங்களில் அதிகச் சம்பளம் உள்ள 51 ஒப்பந்தங்கள் மட்டுமே கணக்கில் ஏறும். செப்டம்பரில் 53 பேர், காயப் பட்டியல், 16 பேர் கொண்ட பயிற்சிக் குழு எல்லாம் சேரும். டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்வது) வரும் இளைஞர்கள், சீசன் நடுவே காயத்துக்கு மாற்றாக எடுப்பவர்கள் ஆகியோருக்கும் தனியே ஒதுக்க வேண்டும். இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதே உங்கள் பணம்.

எதிர்த்திசையிலும் ஒரு திருத்தம் உண்டு. புதியவர் உள்ளே வந்தால் 51வது ஆள் கணக்கிலிருந்து வெளியே போவார். முதல் ஆண்டில் 60 லட்சம் டாலர் ஏறும் ரிசீவரை எடுத்து, 10 லட்சம் வாங்குபவர் வெளியேறினால் நிகரச் செலவு 50 லட்சம். சிறிய ஒப்பந்தங்களில் இந்த வித்தியாசம் கணிசமானது.

3. பட்டியலை வகை பிரியுங்கள்

ஒப்பந்தம் முடிந்து, 4 அல்லது அதற்கு மேற்பட்ட சீசன்களை நிறைவு செய்தவர் தடையற்ற ஃப்ரீ ஏஜென்ட். முழுச் சம்பளத்தில் குறைந்தது 6 ஆட்டங்கள் பட்டியலில் இருந்தால் அது ஒரு சீசனாகக் கணக்காகும். 3 சீசன் மட்டும் முடித்தவரைப் பழைய அணி, உரிய தொகையை முன்வைத்து, பிற அணியின் விலைக்கு ஈடுகொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளலாம். அதற்கும் குறைவானவர் நடைமுறையில் சந்தைக்கே வரமாட்டார்.

பட்டியலின் முதல் மூன்று பெயர்களை நம்பி இருக்காதீர்கள். பழைய அணி ஒருவரை ஓராண்டுக்குத் தக்கவைக்க உதவும் ஃபிரான்சைஸ் டேக் அவர்களை நிறுத்திவிடும். 2024இல் மைக்கேல் பிட்மனை இண்டியானாபொலிஸும், 2025இல் டீ ஹிக்கின்ஸைச் சின்சினாட்டியும் டேக் போட்டுப் பிடித்து, சில நாள்களில் நீண்ட ஒப்பந்தமும் செய்தன. மைக் எவன்ஸ் 2024இல் சந்தை திறக்கும் முன்பே டாம்பா பேயோடு மறுபடி கையெழுத்திட்டார்.

இன்னொரு வகையைப் பலர் தவறவிடுகிறார்கள்: பழைய அணி விடுவித்தவர்கள். 2025 மார்ச்சில் ஜெட்ஸ் விடுவித்த டவான்டே ஆடம்ஸை ராம்ஸ் எடுத்தது இவ்வகை. இவர்களை எடுத்தால் ஈட்டு டிராஃப்ட் தேர்வுக் கணக்கில் பாதிப்பு இல்லை. ஒப்பந்தம் முடிந்து வரும் தடையற்ற ஃப்ரீ ஏஜென்டைப் பெரிய தொகைக்கு எடுத்தால், உங்கள் அணி இழந்த வீரருக்காக வரவேண்டிய 3 முதல் 7வது சுற்றுத் தேர்வு ஒன்று ரத்தாகலாம். உங்கள் அணி அந்த ஆண்டு நல்ல வீரர்களை இழக்கிறதென்றால், இந்தத் தேர்வின் மதிப்பையும் ரிசீவரின் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

4. எண்களைச் சரியான வரிசையில் பாருங்கள்

மொத்த யார்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை ரூட் ஓடினார் என்பது. மற்ற எல்லாவற்றையும் அதால்தான் வகுக்கப் போகிறோம்.

ரூட் எண்ணிக்கை பெரும்பாலும் பிஎஃப்எஃப் போன்ற கட்டணத் தளங்களில் இருக்கும். அது இல்லாவிட்டால் தோராயமாகக் கணக்கிடலாம். அவர் ஆடிய ஆட்டங்களில் மட்டும் அணியின் பாஸ் முயற்சிகளையும் சேக்குகளையும் (எறியும் முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது) கூட்டி, அவருடைய ஸ்னாப் விகிதத்தால் பெருக்குங்கள். 600 பாஸ் பிளே, 80 சதவீத ஸ்னாப் என்றால் சுமார் 480 ரூட். ஆடாத ஆட்டங்களையும் சேர்த்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. காயம்பட்டவர் இருப்பதைவிட மோசமாகத் தெரிவார்.

அடுத்து, ரூட்டுக்கு எத்தனை டார்கெட். 480 ரூட்டில் 120 டார்கெட் என்றால் 25 சதவீதம். 20 சதவீதத்தை நடுத்தரம் என்று கொள்ளலாம். திறந்து நிற்பவரிடமே பந்து போகும் என்பதால், குவார்ட்டர்பேக் மோசமாக இருந்தாலும் இந்த எண் ஓரளவு நிலைத்து நிற்கும்.

மூன்றாவது, ரூட்டுக்கு எத்தனை யார்டு. அதே 480 ரூட்டில் 960 யார்டு என்றால் 2.0. அதற்கு மேல் முதல் தரம். 1.5 பக்கம் இருந்தால் தொடக்க வரிசைக்குப் போதும். 1.2க்குக் கீழே இருந்தால் தெளிவான காரணம் தெரியாமல் பணம் தராதீர்கள்.

நான்காவது, டார்கெட்டின் சராசரி ஆழம். 6 யார்டு ஆழத்தில் பிடிப்பவரையும் 14 யார்டு ஆழத்தில் பிடிப்பவரையும் கேட்ச் சதவீதத்தில் ஒப்பிடுவது வீண். நெக்ஸ்ட் ஜென் தரும் விலகல் அளவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குட்டை ரூட் ஓடும் ஸ்லாட் ரிசீவருக்கு விலகல் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். எக்ஸை எக்ஸோடும், ஸ்லாட்டை ஸ்லாட்டோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

டச்டவுன் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு தாவும். அதை விலைக்குக் காரணமாக்காதீர்கள். ஒரே சீசனை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். 3 சீசனைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மூனியின் 2021 சீசனில் 81 கேட்ச், 1,055 யார்டு இருந்தது. 2023ஐ மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியாமல் போயிருக்கும்.

5. ஆல்-22 வீடியோ: 4 ஆட்டம், சுமார் 130 ரூட்

பேரளவு வேலை இங்கேதான். ஒருவருக்கு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், அதனால் இந்தப் படிக்கு 6 பேருக்கு மேல் கொண்டுவராதீர்கள்.

ஆட்டங்களைத் தேர்வதில்தான் முதல் பிழை நடக்கிறது. 150 யார்டு எடுத்த ஆட்டத்தை எடுத்தால் அவர் ஜெயித்த பிளேக்களே கண்ணில் படும். இப்படித் தேருங்கள்: மேன் கவரேஜ் அதிகம் ஆடும் அணிக்கு எதிராக இரண்டு, டிசம்பரில் திறந்தவெளி மைதானத்தில் ஒன்று, 30 யார்டுக்குள் அடங்கிப்போன ஆட்டம் ஒன்று.

பந்து யாரிடம் போகிறது என்பதை முதல் முறை பார்க்கவே பார்க்காதீர்கள். ரிசீவரை மட்டும் தொடர்ந்து, ஒவ்வொரு ரூட்டுக்கும் கீழ்க்கண்டவற்றைக் குறியுங்கள்.

எங்கே நின்றார், எதிரே எந்தக் கவரேஜ். கோட்டின் மேலா, பின்னாலா, ஸ்லாட்டிலா. எதிரே பிரஸ்ஸா, தள்ளி நின்ற மேனா, ஆளுக்குப் பதில் பகுதியைக் காக்கும் ஸோனா. கவரேஜை அறிய எளிய வழி, ரிசீவர் மோஷனில் நகரும்போது தடுப்பாளர் கூடவே வருகிறாரா என்று பார்ப்பது. கூடவே வந்தால் பெரும்பாலும் மேன்.

கிளம்பும் விதம். பிரஸ்ஸில் முதல் மூன்று காலடிக்குள் தடுப்பாளரின் கையைத் தட்டிவிட்டாரா, அல்லது பக்கக் கோட்டை நோக்கி ஒதுக்கப்பட்டாரா? ஒதுக்கப்பட்டால் குவார்ட்டர்பேக் பந்தெறிய வேண்டிய இடம் சுருங்கிவிடும். ஒன்பதாம் எண் ரூட்டான நேரோட்டத்தில் இது உயிர்நாடி.

திரும்பும் இடம். கர்ல், டிக், கம்பேக் போன்ற ரூட்டுகளில் வேகத்தைக் குறைக்கும்போது இடுப்பைத் தாழ்த்தி இரண்டு மூன்று காலடியில் நிற்கிறாரா? ஐந்தாறு காலடி எடுத்தால் கார்னர்பேக் அதைப் படித்து முன்னே பாய்ந்துவிடுவார். 40 யார்டை 4.35 விநாடியில் ஓடியும் திறந்து நிற்க முடியாத ரிசீவர்கள் பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

திறந்திருந்தாரா? குவார்ட்டர்பேக்கின் பின்கால் தரையில் ஊன்றும் கணத்தில் வீடியோவை நிறுத்துங்கள். ஆம், இல்லை என்று மட்டும் எழுதுங்கள். "கொஞ்சம்" என்ற பதிலுக்கு இடமில்லை. ஸோனுக்கு எதிராக என்றால், இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் நின்றாரா, ஓடியபடியே அடுத்தவரின் பகுதிக்குள் போய்விட்டாரா என்று பாருங்கள்.

இரண்டாவது சுற்றில் பந்து வந்த பிளேக்களை மட்டும் பாருங்கள். உடலிலிருந்து தள்ளிக் கையால் பிடிக்கிறாரா, நெஞ்சில் அணைக்கிறாரா. பிடித்ததும் முதல் தடுப்பாளர் விழுகிறாரா. மூன்றாவது சுற்றில் ரன் பிளே. பந்து எதிர்ப்பக்கம் போகும்போது அவர் நடந்துபோனால் குறித்துவையுங்கள். நிறைய ரன் ஆடும் அணிக்கு அது பெரிய குறை.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்பதற்கு சிகாகோ பேர்ஸிலிருந்து வந்த இருவரே சான்று. ஆலன் ராபின்சன் 2020இல் 102 கேட்ச், 1,250 யார்டு எடுத்தவர்; 2021இல் 38 கேட்ச், 410 யார்டுக்குச் சரிந்தார். மூனியும் 2021க்குப் பிறகு சரிந்தார். இரண்டு சரிவுக்கும் வெளியே சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: சிகாகோவின் பாஸ் ஆட்டம் சரியில்லை. ராபின்சனை 2022இல் ராம்ஸ் 3 ஆண்டு, 4.65 கோடிக்கு எடுத்தது. மாத்யூ ஸ்டாஃபோர்டு போன்ற குவார்ட்டர்பேக் இருந்தும் 10 ஆட்டங்களில் 33 கேட்ச், 339 யார்டு. மூனியோ புதிய அணியில் முதல் சீசனிலேயே மீண்டார். சரிவு யாருடையது என்று புள்ளிவிவரத் தாள் சொல்லாது. திறந்து நின்றும் பந்து வராதவர் யார், திறந்தே நிற்காதவர் யார் என்ற பட்டியல் மட்டுமே சொல்லும்.

6. உடல்நிலையும் வயதும்

தவறவிட்ட ஆட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதுவது போதாது. எந்த உறுப்பு, எத்தனை முறை, திரும்பி வந்தபின் முதல் 4 ஆட்டங்களில் ஸ்னாப் விகிதம் என்ன என்று எழுதுங்கள். கை எலும்பு முறிவு ஒரு தடவை நடந்து முடிவது. தொடைத் தசைப் பிடிப்பு திரும்பத் திரும்ப வரும்; வேகத்தை நம்பி ஆடுபவருக்கு அது விலையைப் பாதியாக்க வேண்டிய செய்தி.

ரிசீவர் கென்னி கோலடே 2019இல் பந்தைப் பிடித்து எடுத்த 11 டச்டவுனோடு லீக்கில் முதலிடம். 2020இல் இடுப்புக் காயத்தால் 5 ஆட்டமே ஆடினார். 2021 மார்ச்சில் நியூயார்க் ஜயண்ட்ஸ் 4 ஆண்டு, 7.2 கோடி கொடுத்தது. முதல் சீசனில் 37 கேட்ச், டச்டவுன் இல்லை. இரண்டாவதில் 6 கேட்ச். 2023இல் விடுவிக்கப்பட்டார். காயத்துக்கு முந்தைய ஆண்டுக்கான விலையைக் காயத்துக்குப் பிந்தைய உடலுக்குக் கொடுத்தால் இப்படி ஆகலாம்.

முழங்கால் முன் குறுக்குத் தசைநார் அறுந்தவர் என்றால் அறுவை நடந்த தேதியைக் கேளுங்கள். அக்டோபரில் அறுந்தவர் செப்டம்பரில் களத்தில் இருக்கலாம். ஜனவரியில் அறுந்தவரை முதல் மாதத்தில் நம்ப முடியாது. 2024 அக்டோபரில் அப்படிக் காயம்பட்ட ஸ்டெஃபான் டிக்ஸை 2025 மார்ச்சில் நியூ இங்கிலாந்து எடுத்தது. அந்த நாள்கணக்கு இடம் கொடுத்தது.

வயதைப் பொறுத்தவரை, ஒப்பந்தம் தொடங்கும் வயதைவிட அதன் கடைசி உத்தரவாத ஆண்டின் வயதே முக்கியம். வேகமும் ஆழமும் நம்பி ஆடுபவருக்கு 30க்கு மேல் உத்தரவாதம் தரத் தயங்குங்கள். ரூட் நுணுக்கத்தால் ஜெயிப்பவர் இன்னும் ஓரிரு ஆண்டு தாங்குவார்.

7. குவார்ட்டர்பேக், ஆட்டத் திட்டம்: பொருந்துமா?

2023 மார்ச்சில் நியூ இங்கிலாந்து தன்னுடைய ஜகோபி மேயர்ஸைப் போகவிட்டு, கன்சாஸ் சிட்டியிலிருந்து ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரை எடுத்தது. இருவருக்கும் சொல்லப்பட்ட தொகை ஒன்றே: 3 ஆண்டு, 3.3 கோடி வரை. ஸ்மித்-ஷூஸ்டர், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணியில் 78 கேட்ச், 933 யார்டு எடுத்து வந்தவர். மேயர்ஸிடம் 67 கேட்ச், 804 யார்டு.

அடுத்த சீசனில் மேயர்ஸ் லாஸ் வேகஸ் ரைடர்ஸில் 71 கேட்ச், 8 டச்டவுன். ஸ்மித்-ஷூஸ்டர் 29 கேட்ச், 260 யார்டு. 2024 ஆகஸ்ட்டில் விடுவிக்கப்பட்டார். மேயர்ஸை எடுத்தபோது ரைடர்ஸின் தலைமைப் பயிற்சியாளர், நியூ இங்கிலாந்தில் அவருக்கு ஆட்டத் திட்டம் வகுத்த ஜோஷ் மெக்டேனியல்ஸ். ஸ்மித்-ஷூஸ்டருக்குக் கன்சாஸ் சிட்டியில் பந்தெறிந்தவர் பேட்ரிக் மஹோம்ஸ். பக்கத்தில், பந்து பிடிப்பதில் அந்த அணியின் முதல் ஆளான டிராவிஸ் கெல்சி. தடுப்பாளர்கள் கெல்சியைச் சூழும்போது நடுவில் திறக்கும் இடத்தில் பிடித்த கேட்சுகள் புதிய ஊருக்குக் கூடவே வராது.

எனவே ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்வி. எதிரணி அவரை முதல் ஆபத்தாகக் கருதியதா, இரண்டாவதாகவா? உங்கள் குவார்ட்டர்பேக் அதிகம் எறியும் ஆழமும் இவர் அதிகம் பிடிக்கும் ஆழமும் ஒன்றா? ஆட்டத் திட்டம் வகுக்கும் உங்கள் ஒருங்கிணைப்பாளர் அவரை அதே இடத்தில் நிறுத்துவாரா? கோலடேயின் பலம், தடுப்பாளர் ஒட்டி நிற்கையிலேயே எழும்பிப் பிடிப்பது. அது, அப்படி ஒட்டி நிற்பவரிடமும் துணிந்து எறியும் குவார்ட்டர்பேக்கைச் சார்ந்த பலம்.

நல்ல பொருத்தத்துக்கு எடுத்துக்காட்டு கிறிஸ்டியன் கிர்க். 2022இல் ஜாகுவார்ஸ் அவருக்கு 4 ஆண்டு, 7.2 கோடி தந்தபோது அவர் ஒரு சீசனிலும் 1,000 யார்டைத் தொட்டதில்லை. விலை அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். இளம் குவார்ட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸுக்கு நடுக்களத்தில் திறந்து நிற்கும் ஸ்லாட் தேவைப்பட்டது. கிர்க் 84 கேட்ச், 1,108 யார்டு எடுத்தார்.

8. விலையை உச்சவரம்பின் சதவீதமாகப் போடுங்கள்

பழைய ஒப்பந்தங்களை டாலரில் ஒப்பிட்டால் தவறு வரும், உச்சவரம்பு அவ்வளவு வேகமாக ஏறுகிறது. 2021இல் 18.25 கோடி, 2022இல் 20.82 கோடி, 2024இல் 25.54 கோடி, 2025இல் 27.92 கோடி.

ஆண்டுச் சராசரியை, கையெழுத்தான ஆண்டின் உச்சவரம்பால் வகுங்கள். கிர்க்கின் 1.8 கோடி அப்போது சுமார் 8.6 சதவீதம், 2025 கணக்கில் ஏறக்குறைய 2.4 கோடி. மூனியின் 1.3 கோடி சுமார் 5.1 சதவீதம், 2025இல் 1.42 கோடி.

ஒரே பாத்திரம், ஒத்த வயது, ஒத்த ரூட்-யார்டு உள்ள 4 ஒப்பந்தங்களை எடுத்து நடுத்தரச் சதவீதம் காணுங்கள். காயம், வயது, பொருத்தம் ஆகியவற்றுக்கு ஏற்ப ஏற்றிக் குறைத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் உச்ச விலை எழுதுங்கள். செய்தியில் வரும் "இவ்வளவு வரை" என்ற தொகையை நம்பாதீர்கள். அதில் எட்டாத ஊக்கத்தொகையும் சேர்ந்திருக்கும்.

9. ஒப்பந்தத்தை வடிவமைக்கும் கணக்கு

மொத்தத் தொகை பெரும்பாலும் அலங்காரம். என்று, எவ்வளவு இழப்போடு வெளியேறலாம் என்பதே உண்மையான விலை. ஒரு மாதிரி போட்டுப் பார்ப்போம்.

3 ஆண்டு, 3.6 கோடி. கையெழுத்துப் போனஸ் 1.2 கோடி. அடிப்படைச் சம்பளம் முதல் ஆண்டு 20 லட்சம், முழு உத்தரவாதம். இரண்டாம் ஆண்டு 90 லட்சம், அதில் 60 லட்சம் உத்தரவாதம். மூன்றாம் ஆண்டு 1.3 கோடி, உத்தரவாதம் இல்லை.

போனஸ் கையில் உடனே போனாலும் உச்சவரம்புக் கணக்கில் ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரியும், அதிகபட்சம் 5 ஆண்டு. இங்கே ஆண்டுக்கு 40 லட்சம். ஆக, கணக்கில் ஏறுவது 60 லட்சம், 1.3 கோடி, 1.7 கோடி.

முதல் ஆண்டு முடிந்ததும் வெளியேற்றினால் மீதிப் போனஸ் 80 லட்சமும் உத்தரவாதம் 60 லட்சமும் சேர்ந்து 1.4 கோடி சுமை. வைத்துக்கொண்டால் ஏறுவதோ 1.3 கோடி. வெளியேற்ற வழியே இல்லை. இரண்டாம் ஆண்டு முடிந்தபின் என்றால் சுமை 40 லட்சம், மிச்சம் 1.3 கோடி. அதாவது இது 2 ஆண்டு, 2.3 கோடி ஒப்பந்தம். மூன்றாம் ஆண்டு உங்கள் விருப்பம். 8வது படியில் எழுதிய உச்ச விலையை இந்த 2.3 கோடியோடு ஒப்பிடுங்கள்.

பெயரளவு ஆண்டுகளைச் சேர்த்துப் போனஸை நீட்டும்போது எச்சரிக்கை வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்தோடு 4 வெற்று ஆண்டுகளைச் சேர்த்து 50 லட்சம் போனஸ் தந்தால் இந்த ஆண்டு 10 லட்சம்தான் ஏறும். ஆள் போனபின் மீதி 40 லட்சமும் அடுத்த ஆண்டு மொத்தமாக வந்து விழும்.

காயப் பின்னணி உள்ளவருக்குச் சம்பளத்தின் ஒரு பங்கை ஆட்டவாரித் தொகையாக்குங்கள்: 17 ஆட்டங்களில் ஆட்ட நாள் பட்டியலில் இருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. ஊக்கத்தொகையில், போன சீசனில் எட்டிய அளவை வைத்தால் அது இந்த ஆண்டுக் கணக்கிலேயே ஏறும். போன முறை 64 கேட்ச் எடுத்தவருக்கு 60 கேட்ச் இலக்கு வைப்பதால் இடம் மிச்சமாகாது. 75 என்று வைத்தால், எட்டினால் மட்டும் அடுத்த ஆண்டில் ஏறும்.

10. எந்த அலையில் இறங்குவது

முதல் இரண்டு நாள் விலை உச்சம். எக்ஸ் ரிசீவர் தேவை என்றால் வேறு வழியில்லை, அத்தகையவர்கள் சந்தையில் குறைவு. ஸ்லாட்டும் இஸட்டும் எப்போதும் அதிகம் கிடைப்பார்கள். ஒரு வாரம் பொறுத்தால் அதே ஆள் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு இறங்கி வருவார்.

டிராஃப்ட் முடிந்த அடுத்த திங்களுக்குப் பிறகு எடுப்பவர்கள் ஈட்டுத் தேர்வுக் கணக்கில் சேரமாட்டார்கள். 4 அல்லது அதற்கு மேற்பட்ட சீசன் ஆடியவரைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓராண்டுக்கு எடுத்தால், விதிக்குட்பட்ட ஒப்பந்தமாக இருக்கும்வரை, 2 சீசன் ஆடியவரின் குறைந்தபட்சமே உச்சவரம்பில் ஏறும். நான்காவது ரிசீவருக்கு இதுவே நல்ல வழி.

அனுபவ வீரர் முதல் வாரப் பட்டியலில் இருந்தால் அவருடைய சீசன் சம்பளம் நடைமுறையில் உறுதியாகிவிடும். அதனால் சந்தேகம் உள்ள பெயர்களை அணிகள் இரண்டாவது வாரத்தில் அழைப்பதுண்டு. சீசன் நடுவிலும் கண்ணை மூடாதீர்கள்: ஓடெல் பெக்கம் 2021 நவம்பரில் ராம்ஸில் சேர்ந்து, அந்த சீசனின் சூப்பர் பவுலில் டச்டவுன் அடித்தார்.

திங்கள் நண்பகலுக்கு முன் தாளில் இருக்க வேண்டியது: காலியிட வாக்கியம், அதன் கீழே நான்கு பெயர், ஒவ்வொன்றுக்கும் உச்ச விலையும் வெளியேறும் ஆண்டும், கடைசியில் அந்த ஆண்டு டிராஃப்டில் இரண்டாவது, மூன்றாவது சுற்றில் அதே வேலைக்குக் கிடைக்கக்கூடிய இளைஞர்களின் பெயர்கள். முதல் பெயரின் விலை எழுதியதைத் தாண்டினால் இரண்டாவது பெயருக்குப் போங்கள். நான்கும் தாண்டினால் அந்தப் பணத்தை லைன்மேனுக்குத் திருப்பி, ரிசீவரை டிராஃப்டில் எடுங்கள்.